37,000 பவுண்டில் எடுத்த படம், 93,000 பவுண்டுக் கொள்ளை: 'கேஷ் ஆன் டிமாண்ட்' (1961)

பழம்படப்பித்தன்

வணக்கம். மூன்று நாட்களாக ஒரு படம் மனதை விட்டு அகல மறுக்கிறது. இங்கே இறக்கி வைத்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

1961இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்த 'கேஷ் ஆன் டிமாண்ட்'. கறுப்பு வெள்ளை, 80 நிமிடம். செலவு சுமார் 37,000 பவுண்டு. படத்தில் கொள்ளை போகும் தொகையோ 93,000 பவுண்டு. திரையில் பெட்டிக்குள் போகும் பணம் நிஜமாகவே தயாரிப்பாளரின் கையில் இருந்திருந்தால், இதே படத்தை இரண்டு முறை எடுத்து மிச்சமும் பிடித்திருக்கலாம்.

ஹாமர் என்றாலே நமக்கு டிராகுலாவின் பல்லும் குங்குமம் கரைத்ததுபோன்ற ரத்தமும்தான் நினைவுக்கு வரும். இந்தப் படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஒரு தோட்டா வெடிக்காது. கார் துரத்தல் இல்லை, சுரங்கம் தோண்டுவதில்லை. நன்றாக உடுத்திய ஒரு கனவான் பட்டப்பகலில் வங்கிக்குள் வருகிறார், மேலாளரின் அறையில் அமர்கிறார், பேசுகிறார். அந்தப் பேச்சுதான் கொள்ளை.

ஊர் ஹாவர்ஷாம் என்ற கற்பனைச் சிற்றூர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முந்தைய காலை, தெருவில் பனி. கிளை மேலாளர் ஹாரி ஃபோர்டைஸாக பீட்டர் குஷிங். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஒரு சிறிய கணக்குப் பிழைக்காகப் பல ஆண்டு உழைத்த தலைமை எழுத்தர் பியர்சனை வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிற மனிதர். அந்த நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் வருகிறார். அது ஆந்த்ரே மொரெல். கதவு சாத்தப்படுகிறது. தொலைபேசி ஒலிக்கிறது. ஃபோர்டைஸின் காதில் மனைவியின் அலறல்.

இதற்குமேல் முடிவு வரை பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இங்கே திரும்புங்கள்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வங்கியின் பூட்டை உடைத்தது ஹெப்பர்ன் அல்ல, ஃபோர்டைஸ். அவர் அறைக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் துணிவு அந்தக் கிளையில் ஒருவருக்கும் இல்லாதபடி ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டார். அப்படிப் பழக்கிய ஒரு கிளையில் திருடன் நிம்மதியாக ஒரு மணி நேரம் வேலை பார்க்கிறான்.

நெல்லைக்கீற்று

பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. முடிவைப் படிக்காமல் இத்தோடு நிறுத்திக்கொண்டேன். இன்றிரவே பார்த்துவிட்டு வருகிறேன்.

எதிர்க்கரை

நான் போன வருடமே பார்த்துவிட்டேன். உங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுவது என் நோக்கமல்ல, ஆனால் எனக்கு இது ஏமாற்றம். முக்கால் படம் இரண்டு பேர் ஒரு அறையில் பேசுகிறார்கள். மேடை நாடகத்தைக் காமிரா வைத்துப் பிடித்ததுபோல இருக்கிறது. கொள்ளைப் படம் என்றால் திட்டம், அதில் விழும் ஓட்டை, கடைசி நிமிடப் பதற்றம் என்று ஒரு இயந்திரம்போல ஓட வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை முடிவு. மனைவியும் மகனும் ஆபத்திலேயே இல்லை, எல்லாம் வெறும் மிரட்டல் என்று தெரிகிறது. ஹெப்பர்ன் பிடிபடுகிறான். கல்நெஞ்சக்காரர் ஒரே காலைப்பொழுதில் கனிந்துபோய் ஊழியர்களோடு சிரிக்கிறார். 'கிறிஸ்துமஸ் வந்தது, கருமி திருந்தினான்' என்கிற அரதப் பழசான கதையை வங்கிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம்ப முடியவில்லை.

படத்தொகுப்பு மேசை

நாடகம் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு சிறு தகவல். இது உண்மையிலேயே நாடகமாகப் பிறந்ததுதான். 1960இல் பிரிட்டிஷ் வணிகத் தொலைக்காட்சியில் 'தி கோல்ட் இன்சைட்' என்ற பெயரில் வந்தது. எழுதியவர் ஜாக் கில்லிஸ், இயக்கியவர் இதே குவென்டின் லாரன்ஸ். மொரெலும், பியர்சனாக வரும் ரிச்சர்ட் வெர்னனும் அதிலும் அதே வேடங்களில்தான் நடித்தார்கள். குஷிங் மட்டும் படத்துக்குப் புதிது. மற்ற இருவருக்கும் பாத்திரம் ஏற்கெனவே உடம்பில் ஊறியிருக்கிறது. புதிதாக வந்தவர் மட்டும் இருக்கையில் நெளிகிறார். அந்த நெளிவு ஃபோர்டைஸுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

இத்தகைய படங்கள் ஏன் ஒரே அறைக்குள் அடைந்து கிடந்தன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் திரையரங்கில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. கூடவே ஓடும் துணைப்படத்துக்குப் பெரும்பாலும் வாடகைபோல ஒரு நிலையான தொகைதான். கூட்டம் அலைமோதினாலும் ஈயாடினாலும் அதே பணம். கூடுதலாக ஒரு பவுண்டு செலவழித்தால் அது திரும்பி வரப்போவதில்லை. ஆகவே படப்பிடிப்பு நாட்களைச் சுருக்கினார்கள், நடிகர்களைக் குறைத்தார்கள், ஏற்கெனவே போட்டு வைத்த அரங்குகளுக்கு ஏற்பக் கதை எழுதினார்கள். தயாரிப்பாளர்களான டான்சிகர் சகோதரர்கள் இந்த முறைக்குப் பெயர்போனவர்கள். மெர்ட்டன் பார்க் ஸ்டூடியோவில் 1960 முதல் குற்றக்கதை எழுத்தாளர் எட்கர் வாலஸ் பெயரில் வரிசையாக வந்த குற்றப் படங்களும் இதே உலகம்தான்.

இன்னொரு பக்கம் ஈடி லெவி. டிக்கெட் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. 1950இல் திரைத்துறையினர் தாங்களாகவே தொடங்கினார்கள், 1957இல் சட்டமானது. அந்தக் கைத்தாங்கல் இல்லாமல் இவற்றில் பல படங்கள் பிறந்தே இருக்காது.

'கேஷ் ஆன் டிமாண்ட்' தேம்ஸ் நதிக்கரையில் ஹாமரின் சொந்த ஸ்டூடியோவான பிரேயில் எடுக்கப்பட்டது. ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகை, அதைச் சுற்றி எழுந்த அரங்குகள். டிராகுலாவின் கோட்டை எழுந்த அதே வளாகத்தில் ஒரு வங்கிக் கிளை.

ஒரு வேண்டுகோள். 80 நிமிடப் பிரதியைப் பாருங்கள். அமெரிக்காவில் 1961 டிசம்பரில் வெளியானது, பிரிட்டனில் 1963 டிசம்பர் வரை கிடப்பில் இருந்தது. அங்கே துணைப்படமாக ஓட்டுவதற்காக 66 நிமிடமாக வெட்டினார்கள். இந்தப் படத்தின் அச்சம் மெல்ல ஏறுவது. கால் மணி நேரத்தை வெட்டினால் ஏணியில் நான்கு படியைப் பிடுங்கியதுபோல.

ஓய்வுபெற்ற கேஷியர்

பித்தன் தம்பிக்கு நன்றி. நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் 19 ஆண்டுகள் பணக் கவுண்ட்டரில். கொள்ளைப் படங்கள் என்றால் எனக்கு ஆகாது. கதவைத் திறக்கத் தெரியாதவர்கள்தான் கதவை வெடி வைத்துத் தகர்ப்பதாகக் காட்டுவார்கள். நேற்றிரவு இதைப் பார்த்தேன். பார்த்து முடித்தபின் தூக்கம் வர நேரமாயிற்று.

எங்கள் தொழிலில் ஜாயின்ட் கஸ்டடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். ஒருவரால் தனியாகத் திறக்க முடியாது. மாற்றுச் சாவிகளைக் கொண்டுபோய் வேறு கிளையில் ஒப்படைத்துவிடுவோம். இந்த ஏற்பாட்டின் ஆதாரம் இரும்பு அல்ல. இரண்டு மனிதர்கள் ஒரே நேரத்தில் தவறு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதற்குள் இன்னொரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது: ஒருவர் செய்வது சரியில்லை என்று பட்டால் மற்றவர் வாய் திறந்து கேட்பார் என்பது. வாய் திறக்கப் பயந்தால் இரண்டு சாவியும் ஒரு சாவிதான்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். வங்கியின் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மேலாளர் நேர்மையானவர், கடுமையானவர். அவர் அறைக்குள் போய் வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டுதான் இருக்கைக்குத் திரும்புவார்கள். ஒருநாள் காலை பத்தேகால் மணிக்கு வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் வந்தார். "தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறேன், திடீர் தணிக்கை" என்றார். நேரே மேலாளர் அறைக்குப் போனார். இருவருமாக வெளியே வந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் எழுந்து என் சாவியோடு பின்னாலேயே போனேன். பெட்டகம் திறந்தது. அந்த மனிதர் கட்டுகளை எண்ணத் தொடங்கினார். அவர் யார், அத்தாட்சிக் கடிதம் எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கு மேலே இருப்பவர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அவர் நிஜமான தணிக்கையாளர்தான். ஒரு ரூபாயும் குறையவில்லை. எண்ணி முடித்து வெளியே வந்ததும் என்னிடம் தணிந்த குரலில், "என் கடிதத்தை இங்கே ஒருவரும் பார்க்கவில்லையே?" என்றார். மேலாளரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தலைமை அலுவலகம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். நாங்கள் அவருக்குப் பயந்தோம், அவர் மேலே உள்ளவர்களுக்குப் பயந்தார்.

ஃபோர்டைஸின் அறைக்குள் ஹெப்பர்ன் கால் வைத்தபோது அந்தத் தோல் பைக்காரர் என் கண்முன் வந்து நின்றார். அதனால்தான் தூக்கம் போயிற்று.

பழம்படப்பித்தன்

கேஷியர் ஐயா, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். 'வாய் திறக்கப் பயந்தால் இரண்டு சாவியும் ஒரு சாவிதான்' என்பதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எதிர்க்கரை

ஐயாவின் அனுபவம் நெஞ்சைத் தொட்டது. ஆனால் நீங்கள் இருவரும் படத்தின் ஒரு முக்கியமான திருப்பத்தைக் கண்டும் காணாமல் போகிறீர்கள். திருட்டு எப்படி வெளியே வருகிறது? பியர்சனுக்குச் சந்தேகம் வருகிறது, ஆய்வாளர் உண்மையானவர்தானா என்று தொலைபேசியில் விசாரிக்கிறார். அதாவது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்தார். அவரை அப்படிப் பழக்கியது யார்? கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காத அதே ஃபோர்டைஸ்! கண்டிப்பு வங்கியைக் காட்டிக்கொடுத்தது என்கிறீர்கள். நான் கண்டிப்புதான் வங்கியைக் காப்பாற்றியது என்கிறேன்.

பழம்படப்பித்தன்

இந்தக் கேள்விக்காகவே இழையைத் தொடங்கியது பலித்தது. உங்கள் வாதத்தில் பாதி உண்மை. மறு பாதியைப் பாருங்கள். பியர்சன் விசாரித்தார், சரி. யாரிடம்? தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருக்கும், முகம் தெரியாத ஒருவரிடம். அடுத்த அறையில், இருபதடி தூரத்தில் இருக்கும் தன் மேலாளரிடம் போய், "ஐயா, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்க அவரால் முடியவில்லை. காலையில்தான் வேலை போகும் என்று மிரட்டப்பட்டவர். அவர் எப்படி அந்தக் கதவைத் தட்டுவார்?

அதனால் படத்தின் கடைசிக் கால் பகுதி எப்படிப்பட்ட சிக்கலாகிறது பாருங்கள். ஹெப்பர்ன் பணத்தோடு போய்விட்டான். ஃபோர்டைஸ் வாயைத் திறந்தால் மனைவியும் மகனும் செத்தார்கள் என்று நம்புகிறார். பியர்சனோ தன் கடமையைச் செய்துவிட்டார், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது. கடமை தவறினாய் என்று காலையில் யாரை மிரட்டினாரோ அவரிடமே, கடமையைக் கைவிடு என்று ஃபோர்டைஸ் கெஞ்ச வேண்டும். துப்பாக்கி முனையில் நிற்பதைவிட இது கொடுமை. குஷிங் அங்கே உடைவதைப் பாருங்கள். தலைமுடி கலைந்து, குரல் பிளந்து, காலையில் பார்த்த மனிதரின் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

ஓய்வுபெற்ற கேஷியர்

எதிர்க்கரை தம்பி, கண்டிப்பு வேறு, பயமுறுத்தல் வேறு. நீங்கள் சொல்லும் கண்டிப்பு பியர்சனுடையது. அவர் மற்ற ஊழியர்களிடம் சிரித்துப் பேசுகிறார், ஆனால் சந்தேகம் வந்ததும் விசாரிக்காமல் விடவில்லை. நல்ல தலைமை எழுத்தர் அப்படித்தான் இருப்பார். என்னிடம் கேட்டால் ஹாவர்ஷாம் கிளையின் உண்மையான மேலாளர் அவர்தான்.

ஈலிங் மைதிலி

நான் லண்டனில் ஈலிங் பகுதியில் இருக்கிறேன். இங்கே டாக்கிங் பிக்சர்ஸ் டிவி என்று ஒரு சானல் 2015 முதல் நடக்கிறது. ஒரு தந்தையும் மகளும் தொடங்கியது. மறந்துபோன பிரிட்டிஷ் துணைப்படங்களைத் தூசி தட்டி நாள் முழுவதும் ஓட்டுகிறார்கள். என் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு வயது 86. அவரோடு உட்கார்ந்து இப்படி எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். மதியத் தேநீர், பிஸ்கட், கறுப்பு வெள்ளை லண்டன். இதுபோன்ற படம் வந்தால் அவர் கதையைவிடச் சுவரையும் மேசையையும்தான் பார்ப்பார். இளம் வயதில் அவரும் ஒரு வங்கிக் கிளையில் தட்டச்சராக இருந்தவர்.

'கேஷ் ஆன் டிமாண்ட்' ஓடியபோது ஃபோர்டைஸின் கிளை ஊழியரான மிஸ் பிரிங்கிள் வந்ததும், "இந்தப் பெண் ஏன் மிஸ் தெரியுமா?" என்று கேட்டார். திருமணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி அன்றைய வங்கிகளில் இருந்ததாம். பிறகு நானே தேடிப் பார்த்தேன். பார்க்லேஸ் வங்கி அந்த விதியைக் கைவிட்டது 1961இல், அதாவது இந்தப் படம் எடுத்த அதே ஆண்டு. நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 1949லேயே விட்டுவிட்டது. படம் இதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. ஆனால் மிஸ் பிரிங்கிள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் விதத்தில் எல்லாம் இருக்கிறது. இந்த வேலைதான் அவருடைய வீடு. அந்த வீட்டின் தலைவர் ஃபோர்டைஸ்.

சனிக்கிழமை காலையிலும் வேலை செய்தோம் என்றார் அம்மையார். பிரிட்டிஷ் வங்கிகள் சனிக்கிழமையை விட்டது 1969இல்.

படத்தொகுப்பு மேசை

மைதிலி அக்கா, அந்த மூதாட்டி சொன்ன செய்திக்காகவே இன்னொரு முறை பார்க்கப்போகிறேன்.

இரண்டு நடிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1959இல் இதே ஹாமர் எடுத்த பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் குஷிங் ஷெர்லாக் ஹோம்ஸ், மொரெல் டாக்டர் வாட்சன். அங்கே குஷிங் முன்னே நடப்பார், மொரெல் பின்னே வருவார். இரண்டே ஆண்டில் தராசு அப்படியே தலைகீழ். இங்கே எல்லாம் தெரிந்தவர் மொரெல். சிரிப்பதும், அறைக்குள் உலாவுவதும், சாய்ந்து உட்கார்வதும் அவர்தான். குஷிங்குக்கு ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் மட்டும். அந்த மேசை அவருடைய கோட்டையாக இருந்தது, பிறகு கூண்டாக மாறுகிறது. படம் பிடித்தவர் ஆர்தர் கிராண்ட், ஹாமரின் நம்பிக்கைக்குரிய கை. காமிரா எங்கும் பாய்வதில்லை. தொடக்கத்தில் மட்டும், ஆள் இல்லாத வங்கிக்குள் பெயர்கள் ஓடும்போது மெல்ல நகர்ந்து போய், இனி ஒரு மணி நேரம் நாம் அடைபடப்போகும் இடத்தை அங்குலம் அங்குலமாகக் காட்டிவிடுகிறது. அதன்பின் எந்தக் கதவு எங்கே என்று நமக்கு அத்துப்படி.

எதிர்க்கரை கேட்கும் இயந்திரம் இதற்குள் இருக்கிறது. இடம், நேரம், மூன்று கதவுகள், ஒரு தொலைபேசி. திரையில் ஓடும் நேரமும் கதையில் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. படத்தொகுப்பு செய்கிறவனுக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. நேரத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு நிமிடத்தையும் நடந்தே கடக்க வேண்டும்.

பியர்சனாக நடித்த வெர்னனை 1964இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்' பார்த்தவர்கள் அறிவார்கள். தங்கத்தைப் பற்றிப் பாண்டுக்கு விளக்கும் இங்கிலாந்து வங்கி அதிகாரி அவர்தான். சிறு கிளையிலிருந்து நேரே உச்சிக்குப் பதவி உயர்வு!

நெல்லைக்கீற்று

பார்த்துவிட்டேன். அந்தத் தொலைபேசி அழைப்புக் காட்சியில் என் கையில் இருந்த காபி ஆறிப்போயிற்று. ஒரு சந்தேகம்: 93,000 பவுண்டு அன்று பெரிய தொகையா? இன்று கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றுகிறது.

பழம்படப்பித்தன்

படத்தின் கணக்கிலேயே பதில் இருக்கிறது: ஒரு முழுப் படமே 37,000 பவுண்டில் முடிந்த காலம் அது.

ஆனால் உங்கள் கேள்வி இன்னோர் இடத்தில் என்னை நிறுத்தியது. படம் பிரிட்டனில் வெளியாவதற்கு நான்கு மாதம் முன்பு, 1963 ஆகஸ்ட் 8 அதிகாலையில், பக்கிங்ஹாம்ஷரில் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வந்துகொண்டிருந்த தபால் ரயிலை நிறுத்தி ஒரு கும்பல் ஏறத்தாழ 26 லட்சம் பவுண்டைத் தூக்கிச் சென்றது. சமிக்ஞை விளக்கின் பச்சை ஒளியைக் கையுறையால் மறைத்து, பேட்டரி கொண்டு சிவப்பு விளக்கை எரியவைத்தார்கள். ரயில் ஓட்டுநர் தலையில் அடிபட்டார். அந்த டிசம்பரில் நாட்டில் வேறு பேச்சே இருந்திருக்காது. இரண்டு ஆண்டு முன்பே எடுத்து முடித்த இந்தச் சிறிய படம் அப்போது போய்த் திரையில் நிற்கிறது. 26 லட்சத்தைச் செய்தித்தாளில் படித்தவர்கள் முன் 93,000. அது எவர் கண்ணிலும் படாமல் போனதில் வியப்பில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எதிர்க்கரை

வருத்தத்தில் பங்கு கொள்கிறேன். முடிவைப் பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. மனைவி ஆபத்திலேயே இல்லை என்றால், நாம் இதுவரை பதறியது எதற்கு?

ஓய்வுபெற்ற கேஷியர்

ஆபத்து பொய், பயம் நிஜம். அந்த ஒரு மணி நேரத்தில் ஃபோர்டைஸ் தன் மனைவியை இழந்துவிட்டார் தம்பி. பிறகு திரும்பக் கிடைத்தார் என்பது வேறு விஷயம்.

ஒரே காலையில் மனிதன் மாறுவானா என்கிறீர்கள். மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரி மாதக் கணக்கு முடிவில் அவர் மீண்டும் பழையபடி சிடுசிடுப்பார், எனக்குத் தெரியும். ஆனால் அன்று பிற்பகல் தன் ஊழியர்கள் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதைப் பார்த்த மனிதர் கொஞ்ச நேரம் சிரித்தார் என்றால் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

ஈலிங் மைதிலி

ஹெப்பர்னைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு மிகவும் உறுத்தியது அவன் ஃபோர்டைஸுக்குப் புத்தி சொல்லும் இடங்கள். ஊழியர்களிடம் அன்பாக இரு, மனிதர்களை மதி என்கிறான். அவன் சொல்வது ஒவ்வொன்றும் சரி. சொல்லும் வாய்தான் ஒரு குடும்பத்தைச் சித்திரவதை செய்வேன் என்று மிரட்டுகிறது. சரியான வார்த்தைகளைத் தவறான ஆள் பேசும்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தேன். ஒரு கட்டத்தில் அவனுக்குத் தலையாட்டிவிட்டு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

எதிர்க்கரை

அக்கா சொல்வது உண்மை, அது என் கண்ணில் படவில்லை. ஐயாவின் பதிலும் யோசிக்க வைக்கிறது. முடிவு இன்னும் எனக்கு இனிப்பு அதிகம்தான். இதே அளவுச் செலவில், இனிப்பு இல்லாத ஒரு வங்கிக் கொள்ளைப் படம் சொல்லுங்கள், இந்த வாரமே பார்க்கிறேன்.

படத்தொகுப்பு மேசை

உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது. 'ஸ்ட்ராங்ரூம்', 1962, இயக்கம் வெர்னன் சிவெல். இதுவும் கறுப்பு வெள்ளை, இதுவும் 80 நிமிடம், இதுவும் துணைப்படம். நீங்கள் கேட்ட இயந்திரம் இதில் ஓடுகிறது.

நீண்ட விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை. கிளை மூடிய பிறகு மூன்று இளைஞர்கள் நுழைகிறார்கள். மேலாளரும் அவருடைய செயலாளரும் மட்டும் உள்ளே. பணத்தை எடுத்தாகிவிட்டது, அந்த நேரம் பார்த்துத் துப்புரவுப் பெண்கள் வந்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் இருவரையும் பெட்டக அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு ஓடுகிறார்கள். காற்றுப் புகாத அறை. உள்ளே இருக்கும் காற்று சுமார் 12 மணி நேரத்துக்குத் தாங்கும். வங்கி திறப்பதோ செவ்வாய்க்கிழமை.

அவர்கள் கொலைகாரர்கள் அல்லர். சாவியை ஓரிடத்தில் வைத்துப் போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட ஒருவன் கிளம்புகிறான். போகும் வழியில் கார் விபத்தில் செத்துப்போகிறான். பெட்டகத்தின் சாவி பிணவறையில், பிணத்தின் உடைமைகளோடு.

இங்கே சட்டம் ஒன்று தெரிந்திருந்தால் படத்தின் பிடி இறுகும். 1957ஆம் ஆண்டின் கொலைச் சட்டம் பல வகைக் கொலைகளுக்குத் தூக்குத் தண்டனையை நீக்கியது. ஆனால் திருட்டின்போது நடக்கும் கொலைக்குத் தூக்கு அப்படியே இருந்தது. பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1964 ஆகஸ்டில், தண்டனையை நிறுத்தி வைத்த சட்டம் 1965இல். எனவே 1962இல் இந்த இளைஞர்களுக்கு, உள்ளே இரண்டு மூச்சு நின்றால் வெளியே இரண்டு கழுத்துக்குக் கயிறு. கொள்ளையடித்த வங்கிக்குள் அவர்களே திரும்பப் போக வேண்டும், பணத்துக்காக அல்ல, உயிருக்காக. நுழைவதற்குப் பட்ட பாட்டைவிட நூறு மடங்கு பாடு.

பெட்டக அறைக்குள் இருக்கும் அந்த இருவரையும் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று மட்டும் பேசிக்கொண்டவர்கள். காற்று குறையக் குறைய ஒருவர் வாழ்க்கையை மற்றவர் முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பேசினால் காற்று தீரும் என்று தெரிந்தும் பேசுகிறார்கள்.

முடிவை நான் சொல்ல மாட்டேன். இனிப்பு இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கேஷியர்

பெட்டக அறைக் கதவு சாத்தும்போது ஒரு சத்தம் வரும். காதில் அடைப்பதுபோல. பணியிலிருந்த காலத்தில் உள்ளே கட்டுகளை அடுக்கும்போது கதவு லேசாக நகர்ந்தால்கூட என் கால் தானாக வாசல் பக்கம் போய்விடும். இந்தப் படத்தை நான் பகலில்தான் பார்ப்பேன்.

எதிர்க்கரை

பார்த்தேன். இப்போது இரவு பதினொன்றரை. கடைசிப் பத்து நிமிடம் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை, நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறேன். வெளியே மழை சாரல் அடிக்கிறது, ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.